கந்தப்பளைச் சந்தியில் கேஷிகாவின் முகம்

அத்தியாயம் 11

பஸ் கந்தப்பளைச் சந்தியில் திரும்பியபோது அந்த முகத்தை முதலில் பார்த்தது கேஷிகா அல்ல. பக்கத்து இருக்கையில், மடியில் ஒரு பை லீக்ஸோடு உட்கார்ந்திருந்த பெண்தான் பார்த்தாள்.

"அது நீங்கதானே மிஸ்?"

கேஷிகா கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். பனிமூட்டத்துக்குள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பத்தடி அகலத்தில் ஒரு பேனர் தொங்கியது. கறுப்புக் கோட் போட்ட ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தை கம்ப்யூட்டரில் வெள்ளையடித்திருந்தார்கள். யாரோ ஒருத்தி என்றுதான் இருந்தது.

'மலையகத்தின் புதல்வி, மாண்புமிகு நீதவான் கேஷிகா தங்கவேலு அவர்களை வாழ்த்துகிறோம். பாராட்டு விழா வெள்ளி மாலை நான்கு மணிக்கு, கோயில் மண்டபத்தில்.'

வலது மூலையில், ஒரு வட்டத்துக்குள், கை கூப்பியபடி இன்னொரு முகம். 'அன்பளிப்பு: எம். அழகுமுத்து, மரக்கறி மொத்த வியாபாரி.'

"நானில்ல," என்றாள் கேஷிகா.

அந்தப் பெண் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லீக்ஸ் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

அழகுமுத்துவின் முகத்தை கேஷிகாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக நுவரெலியா கோர்ட்டில், குற்றவாளிக் கூண்டில், மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவரும் முகம். அவர் ஓட்டிவந்த லொறி, வேலை விட்டு லயத்து வீட்டுக்கு நடந்துபோன செல்லசாமி என்ற தோட்டத் தொழிலாளியை அடித்துவிட்டுப் போயிருந்தது. செத்தவர் குடித்திருந்தார் என்பது அழகுமுத்துவின் வாதம். செல்லசாமியின் மனைவி அம்மாக்கண்ணுவுக்காகக் கோர்ட்டில் நின்றவள் கேஷிகா.

நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை நீதிச்சேவை ஆணைக்குழுவின் கடிதம் வந்ததிலிருந்து அவள் யாருக்காகவும் நிற்க முடியாது. தன்னிடமிருந்த வழக்குகளையெல்லாம் கூட வேலை செய்யும் டிலானியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். வரும் திங்கட்கிழமை கொழும்பில் சத்தியப்பிரமாணம்.

அந்தக் கடிதத்துக்காக மூன்று தடவை பரீட்சை எழுதியிருந்தாள். முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவை நேர்முகத்தில் 'ஏன் நீதிபதியாக வேண்டும்?' என்று கேட்டதற்கு, நீதியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். எதிரே இருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை களைத்துப்போயிருந்தாள். "ஒன்பது வருஷம் நின்றுகொண்டு பேசிவிட்டேன். உட்கார்ந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது," என்றாள். எடுத்துவிட்டார்கள்.

கடிதத்தைப் படித்த அன்று, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். மறுபடி படித்தாள். கழுவிய தட்டை இன்னொரு தடவை கழுவினாள். அழுகையோ சிரிப்போ வந்துவிடும் என்று காத்திருந்தாள். ஆறு நாளாக இரண்டும் வரவில்லை. பல் வைத்தியரிடம் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவளைப்போல, தன் முகத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

எல்லாக் கட்சிக்காரர்களிடமும் நேரில் சொல்லியாகிவிட்டது. அம்மாக்கண்ணுவிடம் மட்டும் சொல்லவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே வந்து, இன்று ஊருக்குப் போகும்போது தோட்டத்துக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அதற்குள் இது தொங்குகிறது.

* * *

"வந்துட்டாங்க ஐயா, வந்துட்டாங்க!" என்று கடைத்தெருவில் யாரோ சத்தம் போட்டார்கள்.

கேஷிகாவின் அப்பா தங்கவேலு, பருப்பு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். கடையில் எப்போதும் போடும் பழைய ஸ்வெட்டரைக் காணோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காலையிலேயே விபூதி.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்ப்பா."

"பெருசா இருக்குல்ல? இந்தச் சந்தியில இதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு பெருசு வைக்கல. கண்ணாடிக் கடைக்காரர் மகன் டொக்டர் ஆனப்ப வச்சாங்க, அது பாதிதான் இருக்கும்."

"அப்பா, அத கழட்டணும்."

தங்கவேலு சிரித்தார். காது சரியாகக் கேட்காதவர் சிரிப்பதைப்போல.

"எப்ப வச்சாங்க?"

"புதன்கெழம சாயங்காலம். ஏம்மா?"

"ரெண்டு நாளா தொங்குதா?" கேஷிகா கைப்பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அதுல அழகுமுத்து இருக்காருப்பா. அவர் மேல கேஸ் நடக்குது. அந்தக் கேஸ்ல நான் எதிர்த்தரப்புல நின்னவ."

"அதான் இப்ப விட்டுட்டியே."

"விட்டுட்டேன். விட்ட வாரமே அவர் எனக்கு பேனர் வைக்கிறாரு. பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?"

தங்கவேலுவின் முகம் மெல்ல மாறியது. கந்தப்பளைக் கடைத்தெருவில் ஒரு பிள்ளை பாஸ் பண்ணினால், பெற்றவர்கள் தங்கள் கையால் பேனர் வைப்பதில்லை. அது தற்பெருமை. வேறு யாராவது முன்வந்து வைக்க வேண்டும். முன்வருகிறவரை வேண்டாம் என்றால் அது அவர் முகத்தில் அடித்தது மாதிரி. முப்பது வருடத்தில் தங்கவேலு எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்பளிப்பு என்று தன் பெயர் போட்டிருக்கிறார். தன் வீட்டுக்கு அது திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. யார் பெயரில் வந்தது என்று அவர் யோசிக்கவேயில்லை.

"அவரா வந்து கேட்டாருன்னு கஜேந்திரன் சொன்னான். நான் எப்படிம்மா வேணாங்கிறது?"

அண்ணன் கஜேந்திரன் உள்ளே டின்பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னா, வந்ததும் விசாரணையா?"

"அண்ணா, அந்த பேனர எடுக்கணும். சாயங்காலம் விழாவும் வேணாம்."

"மண்டபத்துல நாற்காலி போட்டாச்சு. எரநூறு பேருக்கு வடை சொல்லியாச்சு. பாடசாலையில பிள்ளைங்க டான்ஸ் பழகிட்டு வராங்க."

"பிள்ளைங்க ஆடட்டும். நான் வரல."

"நல்லாருக்கே! மாப்பிள்ள இல்லாத கல்யாணம்." கஜேந்திரன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "இங்க பாரு கேஷி. நீ நீதவான் ஆகுறது திங்கக்கெழம. இன்னைக்கு வெள்ளிக்கெழம. இன்னைக்கு நீ எங்க வீட்டுப் பிள்ள. ஊர் ஆசப்பட்டு ஒரு பொன்னாட போத்துது. வாங்கிக்கிட்டுப் போ."

"போத்துறது யாரு?"

கஜேந்திரன் கையை இன்னொரு தடவை துடைத்தான்.

"அழகுமுத்துவா?"

"தலைவர் அவர்தானே விழாவுக்கு," என்றான்.

கேஷிகா தலையாட்டினாள். கோர்ட்டில், எதிர்பார்த்த பதில் வரும்போது ஆட்டுவதைப்போல. கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

"யாராவது ஒருத்தர் இத ஃபோட்டோ எடுத்து ஆணைக்குழுவுக்கு அனுப்பினா போதும்ப்பா. திங்கக்கெழம நான் வர வேணாம்னு சொல்லிருவாங்க. விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்பாங்க. அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க."

தங்கவேலு தராசுத் தட்டில் கிடந்த பருப்பைத் திரும்ப மூட்டையில் கொட்டினார். பிறகு, கயிறு வெட்டும் கத்தியைத் தேட ஆரம்பித்தார்.

* * *

கடைக்குப் பின்னால் வீடு. அம்மா சிவகாமசுந்தரி மேசைமேல் போர்வையை விரித்து ஒரு பட்டுச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத கட்டிக்க. மாங்காக் கரை. மேடையில எடுப்பா இருக்கும்."

"விழா இல்லம்மா."

"அப்படியா?" அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் எதற்கும் உடனே அதிர்ந்துபோவதில்லை. "அப்ப எரநூறு வடைய நானா திங்கிறது?"

கேஷிகா அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மா பாலில்லாமல் ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏன்டி, இனிமே நீ கடையில வந்து உக்காரக் கூடாதாமே?"

"கூடாதுன்னு இல்ல. யாரு வராங்க, யாரு போறாங்கன்னு பாத்துத்தான் உக்காரணும்."

"கல்யாண வீட்டுக்கு?"

"தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போகலாம். ஆனா அங்க யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிடுறேன்னு பாக்கணும்."

"அப்ப உனக்கு மாப்பிள்ள பாக்கணும்னா கொழும்புல பெர்மிஷன் கேக்கணுமா?"

"கேக்க வேணாம்."

"நல்லவேள. அவங்க விடை அனுப்புறதுக்குள்ள உனக்கு நாப்பது ஆயிரும்."

கேஷிகா பிளேன்டியைக் குடித்தாள். சூடு நாக்கில் தெரிந்தது. அதற்குமேல் தெரியவில்லை. சுவரில் அவளுடைய சட்டத்தரணிச் சத்தியப்பிரமாணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. ஆணியைச் சுற்றிச் சுவர் வெளுப்பாக, சதுரமாக இருந்தது.

பேனரில் இருந்தது அந்தப் படம்தான். ஒன்பது வருடத்துக்கு முந்திய சிரிப்பு. அதன் வேறு பிரதி எங்கும் கிடையாது.

"அம்மா, அந்தப் படத்த யாரு எடுத்தது?"

"உங்கண்ணன்தான். செவ்வாக்கெழம கழட்டிக்கிட்டுப் போனான். ஸ்கேன் பண்ணணும்னான்." அம்மா சேலையை மடித்தாள். "அழகுமுத்து வீட்டுக்கு அவனே நேர்ல போய்க் குடுத்துட்டு வந்தான்."

"அவர்தான் வந்து கேட்டாருன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கான்."

சிவகாமசுந்தரி, மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

* * *

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. சந்தியில் தங்கவேலு, கடை ஏணியில் நான்காம் படியில் நின்று, கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஓட்டோக்காரர்.

"என்னா முதலாளி, இன்னைக்குத்தானே விழா?"

"மழையில நனையுதுல்ல," என்றார் தங்கவேலு.

பேனரின் ஒரு பக்கம் விழுந்தது. கேஷிகாவின் நெற்றி தரையைத் தொட்டது. அழகுமுத்து மட்டும் கொஞ்ச நேரம் மேலே நின்றார். பிறகு அவரும் வந்தார்.

தங்கவேலு அதைப் பாய்போலச் சுருட்டிக் கடைக்குள் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார்.

"மண்டபத்துக்குப் போறேன். நாற்காலிய எடுக்கச் சொல்லணும். என்னா காரணம் சொல்றது?"

"எனக்குச் சரியில்லன்னு சொல்லுங்கப்பா."

"அது பொய்யா போயிராதா?"

கேஷிகா யோசித்தாள். "இல்லப்பா," என்றாள்.

அவர் போனபிறகு, கடையில் அவளும் கஜேந்திரனும் மட்டும் இருந்தார்கள். மழைக்கு யாரும் வரவில்லை.

"ஃபோட்டோவ நீதான் கொண்டுபோய்க் குடுத்தியாம்."

"அம்மா சொன்னாங்களா?"

"அவரா கேட்டாரா, நீயா போனியா?"

கஜேந்திரன் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "நானாத்தான் போனேன். பேனர் நீங்க வைங்கன்னு கேட்டேன். சந்தோசமா சரின்னாரு."

"ஏன்?"

"ஏன்னா நம்ம சாமான் முழுக்க அவர் லொறியிலதான் கொழும்புலருந்து வருது. ரெண்டு வருஷமா ஒன்னாலதான் அந்தாளு என்கூட முகம் குடுத்துப் பேசல. எல்லாக் கடைக்கும் எறக்கிட்டுக் கடைசியாத்தான் நமக்கு எறக்குவாங்க. மழையில நனைஞ்சு வரும் சீனி. உனக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுல்ல. நாளைக்கு உன்ன எங்கயோ போடுவாங்க. பங்களா, பொலிஸ் காவல், வாகனம். மூணு வருஷத்துக்கு ஒரு எடம். நாங்க இதே சந்தியிலதான் இருக்கணும். ஒரு பேனர்ல ரெண்டு மொகமும் இருந்தா பழசெல்லாம் முடிஞ்சதுன்னு ஊர் நெனைக்கும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று கேஷிகாவுக்குப் பட்டது. அவனைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. சீனி மூட்டையின் அடியில் ஈரம் காய்ந்த கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா?"

அப்போதுதான் கடை வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. ஒரு பொலித்தீனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல், அம்மாக்கண்ணு நின்றிருந்தாள்.

* * *

"உள்ள வாங்கக்கா."

அம்மாக்கண்ணு படியிலேயே செருப்பைக் கழற்றினாள். ஐம்பத்திரண்டு வயது. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். கேஷிகா தள்ளிக் கொடுத்த ஸ்டூலில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க ஒபிசுக்கு நேத்து வந்தேன். பூட்டியிருந்துச்சு."

"நேத்து கொழும்புக்குப் போயிருந்தேன்க்கா."

"ஆமா, நீதவான் ஆயிட்டீங்களாமே. பேனர்ல பாத்தேன். படிச்சுச் சொன்னாங்க." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "சந்தோசம் மிஸ்."

"நானே வந்து சொல்லியிருக்கணும். தள்ளிப்போட்டுட்டேன். அது என் தப்பு. உங்க கேஸ டிலானி மிஸ் பாப்பாங்க. ஃபைல் முழுக்கக் குடுத்துட்டேன்."

அம்மாக்கண்ணு அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டைக்குள் கைவிட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒரு நீளக் கவரை எடுத்தாள்.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மிஸ்."

கேஷிகா கவரை வாங்கினாள். ஒட்டவில்லை. மேலே சிங்களத்தில், நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு என்று விலாசம். தபால் முத்திரையும் ஒட்டியிருந்தது.

"கோர்ட்டுக்கு முன்னால குந்தியிருப்பாரே, பெட்டிசம் எழுதுறவரு. அவர்தான் நேத்து எழுதினாரு. சிங்களத்துல எழுதிட்டாரு. படிச்சுக் காட்டச் சொன்னா, எல்லாம் சரியா இருக்கு போங்கன்னுட்டாரு. எனக்கு மனசு கேக்கல. என்னா எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுறது?"

"இது யாரப் பத்தின பெட்டிசம்னு தெரியுமாக்கா?"

"தெரியும். ஒங்களப் பத்தினதுதான்."

கஜேந்திரன் சாக்கிலிருந்து எழுந்தான்.

அம்மாக்கண்ணு அவனைப் பார்க்கவில்லை. "வேற யாருகிட்ட கொண்டுபோறது மிஸ்? ரெண்டு வருஷமா எல்லாக் கடதாசியும் நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க. தோட்டத்துல கணக்கப்புள்ளகிட்ட குடுத்தா மறுநாளே அழகுமுத்துக்குப் போயிரும்."

"ஏக்கா," என்றான் கஜேந்திரன், "இவங்க மேல எழுதின பெட்டிசத்த இவங்ககிட்டயே படிக்கக் குடுக்கிறியே, ஒனக்கு என்னா..."

"அண்ணா, பேசாம இரு."

கேஷிகா கடிதத்தை விரித்தாள். ஒன்றரைப் பக்கம். நல்ல கையெழுத்து. அடியில் ஊதா நிறத்தில் ஒரு கைநாட்டு. படித்தாள். ஒவ்வொரு வசனமாகச் சிங்களத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பு முதலியார் சொல்வதைப்போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

"செல்லசாமியின் மனைவி அம்மாக்கண்ணு ஆகிய நான் பணிவாகத் தெரிவிப்பது. என் கணவரின் மரண வழக்கில் எனக்காகத் தோன்றிய சட்டத்தரணி கேஷிகா தங்கவேலு, எனக்கு எந்த அறிவித்தலும் கொடுக்காமல் வழக்கை விட்டுவிட்டார்."

"ஆமா," என்றாள் அம்மாக்கண்ணு.

"அவர் வழக்கை விட்ட அதே வாரத்தில், எதிரியான அழகுமுத்து அவரை வாழ்த்தி கந்தப்பளைச் சந்தியில் பேனர் கட்டியிருக்கிறார். இருவருடைய படமும் அதில் இருக்கிறது."

"ஆமா."

"சட்டத்தரணி கேஷிகா, எதிரியின் வீட்டு விருந்துகளுக்கு அடிக்கடி போய்வருபவர் என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்."

அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். "என்னா?"

கேஷிகா அந்த வசனத்தை இன்னொரு தடவை சொன்னாள்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? அந்த வீட்டு வாசப்படியவே நான் பாத்ததில்லையே. அந்த மனுசனா சேத்துட்டானா?"

"காரமா இருக்கட்டும்னு சேத்திருப்பாரு."

"நீங்க போவீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப அது வேணாம். மீதியப் படிங்க."

"இப்படிப்பட்ட ஒருவரை நீதவானாக நியமித்தால், என்னைப் போன்ற ஏழைகள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அம்மாக்கண்ணு இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது நான் சொன்னதுதான்," என்றாள். "ஒங்க மேல எனக்குக் கோவமில்ல மிஸ். ஆனா அந்த பேனர்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கீங்க. நான் கொழுந்து போட்டுட்டு வரப்ப அதுக்குக் கீழதான் நடந்து வரணும். ரெண்டு நாளா நடந்தேன்."

"இப்ப கழட்டிட்டோம்."

"பாத்தேன். கழட்டினா இல்லன்னு ஆயிருமா?"

கேஷிகா கடிதத்தின் மடிப்பை விரலால் நீவினாள்.

"எனக்கு இத போடணுமா வேணாமான்னு தெரியல. நீங்க என்னா சொல்றீங்க?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா."

"சரி. அப்ப அந்த விருந்து வசனத்த வெட்டிருங்க. பொய் சொல்லி ஒரு பொம்பளைய விழுத்த வேணாம்." அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். "வேற ஏதாவது விட்டுப்போயிருக்கா மிஸ்?"

அது கேஷிகாவின் கேள்வி. ஒன்பது வருடமாக ஒவ்வொரு சத்தியக் கடதாசியிலும் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், அவள் அதைக் கேட்டுவந்தாள். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று. ஆட்கள் யோசிப்பார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

கஜேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மிக மெதுவாக, இல்லை என்பதுபோல அசைத்தான்.

"விட்டுப்போயிருக்கு," என்றாள் கேஷிகா.

"என்னா அது?"

"அந்த பேனர அழகுமுத்து தானா வைக்கல. என் வீட்டுலருந்துதான் கேட்டிருக்காங்க. ஃபோட்டோவும் இங்கருந்துதான் போயிருக்கு."

"கேஷி!"

"நீங்க கேட்டீங்களா மிஸ்?"

"இல்ல. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். என் அண்ணன் கேட்டிருக்காரு."

அம்மாக்கண்ணு முதல் தடவையாக கஜேந்திரனை முழுதாகப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தி, மேசைமேல் கிடந்த ஒரு நூலைச் சுற்ற ஆரம்பித்தான்.

"அதையும் எழுதிருங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

"திரும்ப அந்த பெட்டிசக்காரர்கிட்ட போங்கக்கா. நாலு மணி வரைக்கும் இருப்பாரு. ரெண்டு இருவதுக்கு பஸ் இருக்கு."

"அந்தாளு வேற ஏதாவது சேப்பான். நீங்களே எழுதிக் குடுங்க. ஒங்க எழுத்துன்னா எனக்கு நம்பிக்கை."

"நீதான் எழுதினேன்னு ஆணைக்குழுவுக்குத் தெரிஞ்சா..." கஜேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "கேஷி, வேணாம். என்னத் திட்டு, அடி, என்னா வேணா செய். அம்மா முகத்தப் பாரு. மூணு தடவ எழுதின பரீட்ச. திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்க. அதுக்கப்புறம் அவங்க எழுதட்டும், யாரு வேணாங்கிறா?"

கேஷிகா அதையும் கேட்டாள். அவன் சொன்னதையும் யோசித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு வந்தால் இது சாதாரண முறைப்பாடு. பதில் எழுதலாம், விளக்கம் கொடுக்கலாம். அதற்கு முன்னால் வந்தால் கதவே மூடிவிடும். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப்போலத் தூரத்தில் தெரிந்தது.

பேனாவை எடுத்தாள். விருந்து வசனத்தின்மேல் ஒரே கோடாக அடித்தாள். வாசிக்க முடியாதபடி கிறுக்கக் கூடாது; வெட்டியது என்ன என்று தெரிய வேண்டும். பிறகு, கைநாட்டுக்கு மேலே இருந்த இடத்தில், சிங்களத்தில் மூன்று வரி எழுதினாள். பேனருக்கான படத்தைக் கொடுத்து அதைக் கட்டும்படி கேட்டவர், மேற்படி சட்டத்தரணியின் சகோதரர் தங்கவேலு கஜேந்திரன். இது சட்டத்தரணிக்கு இன்றுதான் தெரியவந்ததாக அவர் சொல்கிறார். இந்த வரிகளையும் மேலே உள்ள வெட்டையும் என் வேண்டுகோளின்படி எழுதியவர் அவரே.

எழுதியதை வாசித்து, தமிழில் சொன்னாள். 'அவர் சொல்கிறார்' என்பதையும் விடாமல் சொன்னாள்.

"வெட்டின எடத்துலயும் சேத்த எடத்துலயும் பக்கத்துல கைநாட்டு வைக்கணும்க்கா. இல்லன்னா அது செல்லாது."

அம்மாக்கண்ணு பெருவிரலை நீட்டினாள்.

ரப்பர் முத்திரைக்கான மைப்பெட்டி கஜேந்திரன் நின்ற பக்கத்தில், பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு மேல் இருந்தது.

"அண்ணா, அந்த மைப்பெட்டியக் கொஞ்சம் குடு."

அவன் அசையவில்லை. வெளியே ஒரு மரக்கறி லொறி கியர் மாற்றி மேடேறிப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். அம்மாக்கண்ணுவின் விரல் நீட்டியபடியே இருந்தது.

கஜேந்திரன் மைப்பெட்டியை எடுத்தான். மூடியைத் திறந்தான். தங்கையின் பக்கம் தள்ளாமல், அம்மாக்கண்ணுவின் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

இரண்டு கைநாட்டுகள். அம்மாக்கண்ணு விரலைத் தலையில் துடைத்துக்கொண்டாள். கேஷிகா கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டு, கவரை ஒட்டாமல் அவளிடம் கொடுத்தாள்.

"இன்னைக்குத் தபால் எத்தன மணிக்குப் போகும் மிஸ்?"

"மூணு மணிக்குப் பை கட்டுவாங்க."

"சரி மிஸ். நல்லாருங்க."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, பொலித்தீனைத் தலையில் கவிழ்த்தபடி இறங்கினாள். கடையிலிருந்து இடப்பக்கம் போனால் தபால் கந்தோர். வலப்பக்கம் போனால் தோட்டத்துக்கு ஏறும் பாதை.

கேஷிகா மைப்பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினாள்.

"எந்தப் பக்கம் போறாங்கன்னு பாக்க மாட்டியா?" என்றான் கஜேந்திரன்.

"மாட்டேன்."

அவன் வாசலுக்குப் போய், தூறலில் தலையை நீட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வந்து, டின்பால் பெட்டிகளை விட்ட இடத்திலிருந்து அடுக்கத் தொடங்கினான். அவள் கேட்கவில்லை.